தெரிந்ததாகக் காட்டக் கூடாது

என் தம்பி தற்கொலை செய்துகொண்டபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. மறுநாள் காலை காப்பி நேரத்துக்குள் என் பெரிய மாமா சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, மாரடைப்பு என்று சொல்லி முடித்திருந்தார். இந்த வயதில் மாரடைப்பா என்று கேட்டவர்களுக்கு, "இப்பெல்லாம் யாருக்கு எப்ப வருதுன்னே தெரியறதில்லீங்க" என்று பதிலும் தயாராக வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்காகத்தான் சொன்னார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, ஜாதகம் வெளியே கொடுத்திருந்தோம். தம்பி இப்படிப் போனான் என்று தெரிந்தால் அக்காளை யார் கட்டுவார்கள்? எங்கள் துக்க வீட்டில் முதலில் பேசி முடிவு செய்த விஷயம் அதுதான்.

அழுதுகொண்டிருந்த என்னை உள்ளே கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லு கண்ணு" என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு நன்றாகவே வந்தது. பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தியிடம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான் என்றுகூடச் சேர்த்துச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதது இல்லாத ஒரு சாவுக்காக. என் தம்பியின் சாவுக்கு யாரும் அழவே இல்லை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தம்பி போன பிறகு அது மட்டும்தான் மிச்சம் இருந்தது. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன், ஆபீஸில் எரிந்து விழுந்தேன், பஸ்ஸில் காலை மிதித்த கல்லூரிப் பெண்ணிடம் ஊரே பார்க்கச் சண்டை போட்டேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது, தூக்கமும் போயிற்று. மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் பீளமேட்டில் ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். "இங்க டாக்டர்கள் யாரும் இருக்க மாட்டாங்க. உங்களை மாதிரி இழந்தவங்க மட்டும்தான்" என்றார்.

அது ஒரு டியூஷன் சென்டரின் மாடி. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூஷன் கிடையாது, அதனால் எங்களுக்கு விடுவார்கள். சுவரில் வேதியியல் அட்டவணை தொங்கும். பத்துப் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். நடத்தியவர் பேங்கிலிருந்து ரிட்டையரான ஒரு பெரியவர். மகளை இழந்தவர். புதிதாக யார் வந்தாலும் அவர் விதிகளைச் சொல்லுவார். பெயர் சொல்லக் கூடாது. ஏன் என்றும் எப்படி என்றும் யாரையும் கேட்கக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. வெளியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டக் கூடாது.

இன்னொரு விதியும் இருந்தது. அது எங்கள் பக்கத்து ஆட்களுக்காகவே போட்டது. ஊரும் கேட்கக் கூடாது, கூட்டமும் கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே, "எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க" என்று கேட்டுவிடுவார்கள். கூட்டம் என்றால் குலப் பிரிவு. அது தெரிந்துவிட்டால் பேச்சு அப்படியே நாலு கிளை தாவி, உங்கள் சித்தப்பாவின் சம்பந்தி வீடு வரைக்கும் போய் நிற்கும். ஊரும் கூட்டமும் தெரிந்தால் ஒருவருடைய வீட்டு வாசலுக்கே போய்விடலாம். அதனால் நாங்கள் எல்லாரும் உறவை மட்டும் சொல்லி உட்காருவோம். "மகளுங்க." "அப்பாங்க." நான், "தம்பிங்க" என்பேன். மாதம் ஒரு முறை, ஒரு காலை நேரம், என் தம்பி எப்படிச் செத்தானோ அப்படியே செத்தவனாக இருந்தான்.

"ஊட்டுக்காரருங்க" என்று சொல்லிக்கொண்டு ஒரு அம்மா எனக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அவிய போனத விபத்துன்னு சொல்லி வெச்சிருக்கறமுங்க. என்ற பையன் அப்ப சிங்கப்பூர்ல இருந்தான். அவன் வந்து எறங்கறதுக்குள்ள எல்லாருகிட்டயும் அப்படியே சொல்லிப்போட்டோம். அவனுக்கும் அதுதான் தெரியும். ஊரு என்ன வேணா பேசட்டுமுங்க, அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்பன் மேல உசுரா இருந்தவன்." அப்பாவுக்கு அப்புறம் மகன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டானாம். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு சில்வர் டப்பாவில் வேகவைத்த நிலக்கடலை கொண்டுவருவார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உரித்து உரித்து என் கையில் வைப்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைக் கண்ணு என்பார். ஒரு மாதம், தம்பியின் பிறந்தநாளும் சந்திப்பும் ஒன்றாக வந்தது. என் முறைக்கு அதை மட்டும் சொன்னேன். முடிந்து எல்லாரும் எழுந்தபோது, "உன்ற தம்பிக்கு என்ன சோறு புடிக்கும் கண்ணு?" என்று கேட்டார். அரிசிம்பருப்புச் சோறு என்றேன். கொத்தமல்லித் துவையல் வேண்டும், அப்பளம் தொட மாட்டான், நெய் ஊற்றினால் திட்டுவான் என்று நான்பாட்டுக்கு அரைமணி நேரம் பேசினேன். அவன் போன பிறகு அவனைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவன் பேச்சை எடுத்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இப்படி ஏழு மாதம் போனது. அவருடைய ஊரும் பேரும் எனக்குத் தெரியாது, என்னுடையது அவருக்குத் தெரியாது. ஆனால் அம்மாவுக்குத் தெரியாத என் விஷயங்கள் அவருக்குத் தெரியும்.

பிறகு ஒரு வரன் வந்தது. சென்னிமலைப் பக்கத்துக் குடும்பம், பையன் இப்போது கோயமுத்தூரில் வேலை, அப்பா விபத்தில் தவறிவிட்டார், அம்மா மட்டும். தரகர் ஜாதகமும் பையன் போட்டோவும் கொடுத்தார். என் போட்டோவும் அங்கே போயிற்று. ஸ்டூடியோக்காரர் அதில் என்னை அப்படி வெளுத்திருந்தார், எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா விபத்தில் தவறியவர் என்று கேட்டும் எனக்கு எதுவும் தட்டவில்லை. நாட்டில் விபத்துக்கா பஞ்சம்?

பெண் பார்க்க வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. கணபதியில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே அப்பாவின் லேத் பட்டறை. இரும்புத் தூள் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று அம்மா மூன்று தடவை கழுவிவிட்டார். நான் காப்பித் தட்டோடு ஹாலுக்குள் வந்தபோது, சோபாவின் ஓரத்தில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார்.

தட்டு ஆடாமல் எப்படி நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு அசைவும் இல்லை. "வாம்மா" என்றார், புதிதாகப் பார்ப்பவரைப் போல. விதியைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. நானும் காப்பாற்றினேன். "அத்தைக்குக் குடு கண்ணு" என்றார் அம்மா. நான் போய் அத்தைக்குக் கொடுத்தேன்.

பையனின் பெரியப்பா வழக்கப்படி விசாரிக்க ஆரம்பித்தார். "தம்பி எப்படிங்க தவறிட்டாப்டி?"

"ஹார்ட் அட்டாக்குங்க" என்றார் அம்மா. "காலைல நல்லாத்தானுங்க இருந்தான்."

"அடப் பாவமே" என்றார் அக்கா. ஏழு மாதமாக என் வாயிலிருந்து உண்மையைக் கேட்டவர். அடுத்து என் அப்பா அவர்கள் பக்கத்துத் துக்கத்தை விசாரித்தார். விபத்து என்றார்கள். எங்கே, எப்போது என்று பெரியப்பா விளக்கமாகவே சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொய்யும் பொய்யும் மரியாதையாக நலம் விசாரித்துக்கொண்டிருந்தன. வந்த பெண்கள் எனக்குப் பூ வைத்துவிட எழுந்தபோது அக்கா மட்டும் எழவில்லை. கணவன் இல்லாதவர் பூ வைக்கக் கூடாது என்று பையனின் பெரியம்மா வைத்துவிட்டார். அக்கா சோபாவிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அந்த ஹாலில் இருந்த அத்தனை பேர் மேலும் கோபம் வந்தது.

தனியாகப் பேசட்டும் என்று என்னையும் பையனையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றோம். சம்பளம், ஹாபி என்று ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர், "தம்பி கிரிக்கெட் ஆடுவாரா? கீழ ஷெல்ஃப்ல பேட் பாத்தேன்" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் நான் உடைந்துவிட்டேன். ஆடுவான், நன்றாக ஆட மாட்டான் என்று சொன்னேன். அப்புறம், "அவன் ஹார்ட் அட்டாக்குல சாகலீங்க. தற்கொலை பண்ணிக்கிட்டான்" என்றேன். அது என் விஷயம், என் தம்பி விஷயம், சொல்வதற்கு எனக்கு உரிமை இருந்தது. தரகர் மூலமாக வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார். "எங்கப்பாவும் அப்படித்தானுங்க. அன்னைக்கு எனக்குப் போன் பண்ணுனாரு. பேசுன விதத்துலயே எனக்குப் புரிஞ்சிருக்கோணும். புரியல. அம்மாவுக்கு இது தெரியாதுங்க. விபத்துன்னு நம்பீட்டு இருக்குது. தெரிஞ்சா அது தாங்காது. நீங்க எப்பவுமே சொல்லீராதீங்க."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல? உங்கள் அம்மாவுக்குத் தெரியும், மாதம் ஒரு தடவை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லித்தான் அழுகிறார், உங்களுக்குத் தெரியாது என்றுதான் அவரும் நினைக்கிறார் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விதி இருந்தது. அந்த விதியால்தான் நான் உயிரோடு இருந்தேன், அந்த அக்காவும் இருந்தார். வாயை மூடிக்கொண்டேன். இறங்கும்போது அவர் முகம் வெளிறியிருந்தது. கீழே போய்த் தன் அம்மா பக்கத்தில் நின்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நாளில் தரகர் வந்தார். பையன் சரி என்றுதான் சொல்கிறானாம், அவன் அம்மாதான் வேண்டாம் என்கிறாராம். ஜாதகத்தில் ஏதோ சரியில்லையாம். தரகர் போனதும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "யாரோ சொல்லிப்போட்டாங்க. எவ வாய வெச்சாளோ" என்று தெருவில் ஒவ்வொரு வீடாகச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

"நான்தாம்மா சொன்னேன். மாடியில, அவருகிட்ட" என்றேன்.

அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "உனக்காவத்தான் புள்ள பொய் சொன்னோம். என்ற பையன் எப்படிப் போனான்னு சொல்லி அழக்கூட முடியாம மூணு வருசமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். எல்லாம் உனக்காவத்தான்" என்றார். பட்டறை ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆனாலும் அப்பா கீழே போய் லேத்தை ஓடவிட்டார். அதில் இரும்பு எதுவும் மாட்டியிருந்த மாதிரித் தெரியவில்லை, வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஞாயிறு வந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோபம் என்னைக் கிளப்பிக்கொண்டு போனது. என் கையில் கடலை உரித்து வைத்தவருக்கு, தம்பி சாவைப் பற்றி எங்கள் வீடு சொல்லும் பொய் பிடிக்கவில்லையா, இல்லை தற்கொலை நடந்த வீட்டுப் பெண் வேண்டாமா? அவர் வீட்டில் நடந்தது என்னவாம்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் வந்திருந்தார். இந்தத் தடவை எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டப்பா கொண்டுவரவில்லை. அவர் முறை வந்தபோது, "ஊட்டுக்காரருங்க. இன்னைக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்க" என்றார். என் முறைக்கு, "தம்பிங்க" என்றேன்.

முடிந்ததும் அவர் வேகமாகக் கிளம்பினார். நான் மாடிப்படியில் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"என்னை ஏனுங்க்கா வேண்டாம்னீங்க?"

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "போட்டோ பாத்தப்பவே நீன்னு தெரிஞ்சுது கண்ணு. மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வந்தேன். உன்ன மாதிரிப் புள்ள ஊட்டுக்கு வந்தா நானும் ஒருத்தரோடயாவது வாய் தொறந்து இருக்கலாமுன்னு ஆசப்பட்டுப்போட்டேன்."

"அப்புறம் என்னாச்சுங்க?"

"மாடியில இருந்து எறங்கி வந்தான் பாரு. அவன் மொகத்தப் பாத்தேன். அவிய செத்த அன்னைக்கு ஏர்போர்ட்ல இருந்து வந்த மொகம் அது. நீ சொல்லிப்போட்டன்னு நெனச்சேன். அவிய விஷயத்த சொல்லிப்போட்டன்னு." என்றார். "உன்ன நம்பி இங்க எல்லாத்தையும் கொட்டுனனே கண்ணு."

"நான் என்ற தம்பி விஷயத்தத்தான் சொன்னேன். உங்க விஷயம் ஒரு வார்த்தகூடச் சொல்லலீங்க."

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் எல்லாம் போய்விட்டது. சொல்லவில்லையா, சத்தியமாகச் சொல்லவில்லையா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். "அப்ப அவனுக்குத் தெரியாது" என்று தனக்குள் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அவருக்கு அத்தனை நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அவர் மகனுக்கு நான் கொடுத்த வாக்கு, டியூஷன் சென்டர் விதி இரண்டையும் ஒரே நேரத்தில் மீறினேன். அது சரியா என்று பெரியவரிடம் பிறகு கேட்டபோது, அவர் தனக்குத் தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை.

"அவருக்குத் தெரியுமுங்க்கா. நான் சொல்லி இல்லீங்க. மொதல்ல இருந்தே தெரியும். அன்னைக்கு அவங்கப்பா அவருக்குப் போன் பண்ணியிருக்காரு. உங்களுக்குத்தான் தெரியாது, தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு நெனச்சுட்டு இருக்காரு. உங்ககிட்டச் சொல்லீராதீங்கன்னு என்கிட்டக் கேட்டுக்கிட்டாரு."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தார். எங்களைத் தாண்டி இரண்டு பேர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் போனார்கள்.

"போன் பண்ணுனாரா? அவனுக்கா?" என்றார். "குளிக்கப் போனா அரைமணி நேரம் தண்ணியத் தொறந்து உட்டுக்குவான் கண்ணு. நான் வெளிய நின்னுட்டு, தண்ணி வீணாப் போவுது, சிங்கப்பூர்ப் பழக்கமான்னு கத்துவேன்." அவர் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார். "அப்ப ரெண்டு வருசமா எம்புள்ள பக்கத்து ரூம்ல தனியாவா அழுதுட்டு இருந்தான்?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தை ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. அவர் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தடவை தவறான நம்பருக்குப் போனது. மூன்றாவது தடவை சரியாகப் போயிற்று. மணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு மணி, இரண்டு மணி. மூன்றாவதில் மகன் எடுத்துவிட்டார். "சொல்லும்மா" என்றது அவர் குரல்.

"கண்ணு, ஊட்லதான இருக்கற? ஒண்ணுமில்ல சாமி. எங்கயும் போயிராத. அம்மா வாரேன். ஒரு விஷயம் பேசோணும்."

எழுந்து, என் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்துவிட்டு, வேகமாகப் படியிறங்கிப் போனார். அவருக்காகச் சந்தோஷப்பட வேண்டியதுதான் நியாயம். எனக்குச் சந்தோஷமாக இல்லை. பொறாமையாக இருந்தது, உடம்பெல்லாம் எரிகிற பொறாமை. என் தம்பியும் எனக்குப் பக்கத்து ரூமில்தான் இருந்தான். அக்காவுக்குக் கூப்பிட்டால் போனை எடுக்கப் பிள்ளை இருந்தான்.